கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் போதுமா?

சாத்தூர் அம்மா:
தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளை எழுதிப் பார்த்தேன், 280 வந்தது. மகன், "பிடிஎஃப் போட்டு எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிடலாம்மா, அரை மணி நேர வேலை" என்கிறான். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, பஸ் ஏறி இறங்க முடியாது. அவன் சொல்வது நியாயம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

1994இல் என் கல்யாணத்துக்கு அப்பா மஞ்சள் பையில் பத்திரிகைக் கட்டோடு டவுன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார். பெரியப்பா வீட்டோடு வரப்புத் தகராறு, ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கேயும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நீட்டினார். பெரியப்பா உடனே வாங்கவில்லை. உள்ளே திரும்பிப் பெரியம்மாவிடம், "தம்பிக்கு மோர் கொண்டா" என்றார். முகூர்த்தத்துக்கு முதல் நாளே வந்து பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டார். வரப்பைப் பற்றி அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை.

இப்போது என் நாத்தனாரோடு எங்களுக்கு அதே நிலைமை. நகை விஷயம், நாலு வருஷம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் வரும். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று அதை வைத்து எப்படித் தெரியும்? யாருக்கு நேரில் போவது, யாருக்கு போன் போதும்? சமீபத்தில் கல்யாணம் செய்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சகத்துக்காரர்:
அம்மா, நான் 26 வருஷமாகப் பத்திரிகை அடிக்கிறேன். 2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. அப்போது வேறு வழியில்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பியது அப்படியே பழக்கமாகிவிட்டது. என்னிடம் 500 அடித்த குடும்பங்கள் இப்போது 150 அடிக்கின்றன. அந்த 150 யாருக்குப் போகிறது என்றால் பங்காளிகள், தாய்மாமன், சம்பந்தி வழி, அத்தைமார். உங்கள் நாத்தனார் பெண்ணுக்கு அத்தை. குலதெய்வத்துக்கு வைத்த கையோடு அவருக்குத்தான் வைக்க வேண்டும்.

ரியாத்தில் இருப்பவன்:
போனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 90களில் அப்பா இங்கே இருந்தபோது, அம்மா பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். என் மகளுக்குப் பல் முளைத்ததை நான் வீடியோ காலில் பார்த்தேன். ஆனால் போன மாதம் தம்பி முறை உள்ள ஒருவன் தன் பத்திரிகையைக் குடும்ப குரூப்பில் போட்டான். மேலே ஒரு காலை வணக்கம் படம், கீழே ஏதோ கஷாயக் குறிப்பு. என்னைக் கூப்பிட்டானா இல்லையா என்றே எனக்குப் புரியவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது. தூரத்தில் இருப்பவர்களுக்கு அனுப்புங்கள், அனுப்பிவிட்டு ஒரு நிமிஷம் கூப்பிட்டு "வந்துரணும்" என்று சொல்லுங்கள்.

போன வருஷக் கல்யாணப் பொண்ணு:
ஆன்ட்டி, ஒரு முக்கியமான விஷயம். வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட்டில், அதாவது ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக ஒரே தடவையில் அனுப்பும் வசதியில், ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எங்களுக்கு இது தெரியாது. அம்மாவின் சித்திக்குப் போகவே இல்லை. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் கேள்விப்பட்டார். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நேரில் போக, ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை கார், ஒரே பாதை, 15 வீடு. அதற்கு மேல் வைத்தால் வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். காபி குடிக்க நேரம் விடுங்கள். போனை காரிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள், உங்கள் மகனையும் சேர்த்துத்தான்.

சாத்தூர் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. 90 வீடு நேரில், மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டுப் போனில் பேசுவது என்று முடிவு செய்தோம். நேற்று குலதெய்வம் கோயிலில் வைத்துவிட்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனோம். இவர் கம்பியைப் பிடித்து மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததும், "இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏண்ணே வந்தே" என்று பாதிப் படிக்கு இறங்கி வந்துவிட்டார். நகையைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது வீடுகளின் லிஸ்ட்டை வாங்கிப் படித்துப் பார்த்து, விட்டுப்போன மூன்று வீடுகளைச் சொன்னார். அடுத்த ஞாயிறு அந்த மூன்றுக்கும் அவரும் கூட வருகிறாராம்.