மில் ஷிப்டுக்கு நடுவில் குரூப் 4 படிக்க முடியுமா?

கேள்வி: வேடசந்தூர்ப் பெண்

வயது 22. தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுத ஆசை. இப்போது நூற்பாலையில் சைடர் வேலை, அறுந்த நூலை ஒட்டிவிடுவது. பத்தாம் வகுப்பு முடித்தது 2019-இல், 412 மதிப்பெண். அதே வருடம் அப்பா போய்விட்டார், படிப்பும் நின்றது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், பத்து மணிக்கு மேல் தகரக் கூரை தூங்க விடாது. பயிற்சி மையத்தில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? பத்தாம் வகுப்பு மட்டும் போதுமா? அம்மாவோ, "கல்யாண வயதில் உனக்கு என்னடி புத்தகம்?" என்கிறார்.

பதில் 1: விடியல்

கனவு பெரிதாக இருந்தால் வழி தானாகத் திறக்கும், தோழி. துணிந்து வேலையை விடுங்கள்!

பதில் 2: சாத்தூர்க்காரி

விடியல் தம்பி, வேலையை விட்டால் அந்த வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது?

தங்கச்சி, வேலையை விடாதே. நானும் பத்தாவதோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள்தான். (தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்?) கட்டை அடுக்கும் வேலை, அதாவது தீக்குச்சிகளை மரச்சட்டத்தில் அடுக்குவது. ஒரு மரச்சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசும் நின்றுவிடும். ஆனால் வாய் சும்மாதானே இருக்கிறது? காலையில் ஒரு பக்கம் பார்த்துவிட்டுப் போய், நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு எழுத்தே தெரியாது. சிலப்பதிகாரத்தில் எத்தனை காதை என்று நான் தடுமாறினால், "முப்பதுதானே, நேற்றும் அதைத்தானே சொன்னாய்" என்பார்.

2018-இல் தோல்வி. 2019-இல் மறுபடியும். அதற்குப் பிறகு கொரோனா. இரண்டு வருடம் தேர்வே நடக்கவில்லை. தோற்றதைவிட அந்தக் காத்திருப்புதான் என்னைத் தின்றது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று முறை வந்து போனார்கள். 2022 ஜூலையில் எழுதினேன், 2023 மார்ச்சில் முடிவு வந்தது. இப்போது இளநிலை உதவியாளர்.

பத்தாம் வகுப்பு போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். நேர்முகத் தேர்வு கிடையாது. அதில் 100 கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்கு. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதே. விடை தெரியாத கேள்விக்கு விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க மறந்துவிடாதே. வெறுமனே விட்டால் மதிப்பெண் குறையும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வை. 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

பதில் 3: பழைய தட்டச்சர்

முடிந்தால் தட்டச்சும் பழகுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறினால் தட்டச்சர் பணியிடங்களுக்கும் போட்டியிடலாம். கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வேடசந்தூர்ப் பெண்

அக்கா, எதிர்வீட்டுத் தம்பியிடம் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கிவிட்டேன். நேற்று ஷிப்டில் மிஷினுக்கு மிஷின் நடந்தபடியே முதல் பாடத்தைச் சொல்லிப் பார்த்தேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அதனால் யாரும் சிரிக்கவும் இல்லை.