குடல் ‘அடைப்பு’ வேண்டாம்: பன்றிக்குட்டிக் கையேட்டுக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், பாலக்கோடு:

அன்புடையீர், வெண்பன்றி வளர்ப்போருக்கான 8 பக்கக் கையேடு புதன் மாலை அச்சுக்குப் போகிறது. தளி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துப் பண்ணையாளர்களுக்கு. எடை குறைந்து பிறக்கும் குட்டிகளின் குடல்நலம் பற்றிய பக்கத்தில் ஒரு சொல் இடிக்கிறது. ஆங்கிலத்தில் ‘கட் க்ளோஷர்’ என்கிறார்கள். சீம்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்களைச் சிதைக்காமல் இரத்தத்துக்குள் விடும் தன்மையைக் குட்டியின் குடல் பிறந்து 24 முதல் 36 மணி நேரத்துக்குள் இழந்துவிடுகிறது, அதற்கான பெயர். வரைவில் ‘குடல் அடைப்பு’ என்று இருக்கிறது. மாற்றுச் சொல் வேண்டும்.

கால்நடை மருத்துவர், ஓசூர்:

அம்மா, ‘அடைப்பு’ கூடவே கூடாது. குடல் அடைப்பு என்றால் சாணி போகாமல் வயிறு உப்பும் நோய் என்றுதான் எவரும் படிப்பார்கள். ஒருநாள் குட்டிக்கு விளக்கெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்?

சொல் தேடுமுன் நடப்பது என்ன என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதம் கருவுக்குப் போவதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்தவுடன் குடலின் உட்சுவர்ச் செல்கள் பெரிய புரதங்களை அப்படியே விழுங்கி மறுபக்கம் இரத்தத்தில் விடும். பிறகு அந்தத் திறன் ஓய்ந்துவிடும், அந்தச் செல்களின் இடத்துக்கு அத்திறன் இல்லாத புதிய செல்கள் வரும். குழாய் அடைபடுவதில்லை. பால் வழக்கம்போல் செரிக்கிறது. உள்ளே விடுவது மட்டும் நிற்கிறது.

தமிழாசிரியர், அரூர்:

மருத்துவர் ஐயா சொன்னதைப் பார்த்தால் ‘கூம்பல்’ பொருந்தும். தாமரை மாலையில் கூம்புவதுபோல. குடற்கூம்பல்.

இன்னொன்று. வரைவில் ‘குட்டி’ என்றே வருகிறது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் ‘குருளை’ என்கிறது. குட்டி, பறழ் என்பனவற்றையும் விலக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தலைப்பிலாவது ‘குருளை’ வரட்டும். குரும்பை, குருத்து என்பவற்றோடு ஒரே வேர், இளமைப் பொருள். ‘குறு’ என்பதிலிருந்து வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். வல்லின றகரத்தையும் இடையின ரகரத்தையும் அப்படிக் கலக்கக் கூடாது.

பண்ணையாளர், தேன்கனிக்கோட்டை:

வணக்கம் ஐயா. எங்க பக்கம் பாதிப் பேர் கன்னடத்தில் ‘ஹந்தி மரி’ என்பார்கள், சீம்பாலைக் ‘கிண்ணு’ என்பார்கள், தெலுங்கு வீடுகளில் ‘ஜுன்னு’. குருளை என்று போட்டால் யாருக்கும் விளங்காது. குட்டி என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

கூம்பலும் ஒத்துவராது. தாமரை கூம்பினால் காலையில் விரியும். இது திரும்பத் திறக்காது என்பதுதான் பண்ணையாளருக்குத் தெரிய வேண்டியது.

தமிழாசிரியர், அரூர்:

‘ஹந்தி மரி’ நம் ‘பன்றி மறி’தான். பகரம் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’. மரபியல் மறியை ஆடு, குதிரை, மான் வகைகளுக்கு மட்டும் தருகிறது, கன்னடம் பன்றிக்கும் நாய்க்கும் விரித்துக்கொண்டது. குட்டி என்பதை ஏற்கிறேன். கூம்பல் பற்றிய மறுப்பையும் ஏற்கிறேன்.

கணினித்தமிழ் ஆர்வலர், கிருஷ்ணகிரி:

கோயிலில் ‘நடை சாத்தியாச்சு’ என்கிறோமே, ‘குடல்நடை சாத்தல்’ என்றால் என்ன? நேரம் தவறினால் உள்ளே போக முடியாது என்ற பொருள் படிக்காமலே விளங்கும். சாத்து என்பது சார்த்து என்பதன் திரிபு, கதவை நிலையோடு சார்த்துவது. வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் ‘சாத்து’ வேறு, அது வடமொழி ‘சார்த்த’.

மருத்துவர், ஓசூர்:

தாமரைக்குச் சொன்ன மறுப்பே இதற்கும். கோயில் நடை மறுபடி திறக்கும்.

பண்ணையாளர், தேன்கனிக்கோட்டை:

காது குத்திவிட்டுத் தோடு போடாமல் விட்டால் ‘தூர்ந்து போச்சு’ என்கிறோம். கிணறும் தூரும். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும், தானாகத் திறக்காது.

தமிழாசிரியர், அரூர்:

அருமையான சொல். ‘குடற்றூர்வு’. லகர ஈற்றின் முன் தகரம் வந்தால் இரண்டும் றகரமாகும், கல் + தூண் = கற்றூண்.

மொழிபெயர்ப்பாளர், பாலக்கோடு:

ஐயா, குடற்றூர்வு என்று அச்சிட்டால் பயிற்சியில் வாய்விட்டுப் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். பிரித்து எழுதினாலும் ‘தூர்ந்த குடல்’ மறுபடி அடைப்பில்தான் கொண்டுபோய் விடுகிறது.

சொல் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் செய்முறை என்னென்ன வர வேண்டும் என்று மருத்துவர் சுருக்கமாகத் தந்தால் அதை வைத்தே சொல்லைத் தேடலாம்.

மருத்துவர், ஓசூர்:

ஒரு கிலோவுக்குக் கீழ் பிறந்த குட்டிக்கு இரண்டு சிக்கல். காம்புக்குப் போட்டியிட வலுவில்லை. குடலும் பின்தங்கியது: உட்சுவரில் விரல்போல் நீட்டியிருக்கும் உறிஞ்சிகள் குட்டை, சுவர் மெல்லியது, செரிமான நொதிகள் குறைவு. ஆகவே சீம்பால் குறைந்தால் ஈ.கோலை என்ற நுண்ணுயிரால் வரும் கழிச்சல் முதலில் பிடிப்பது இதைத்தான்.

ஒரு குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் குறைந்தது 200 கிராம், முடிந்தால் 250 கிராம் சீம்பால் வேண்டும். ஈன்ற 12 மணி நேரத்திலேயே சீம்பாலின் எதிர்ப்புப் புரதம் பாதியளவுக்கு இறங்கிவிடும். எனவே முதல் 6 மணி நேரம் பொன்னானது. பெரிய குட்டிகள் வயிறு நிறையக் குடித்ததும் அடையாளமிட்டு, ஒன்று ஒன்றரை மணி நேரம் சூட்டுப்பெட்டியில் விட்டுவிட்டுச் சிறியவற்றைக் காம்பில் விட வேண்டும். பிறகு மாற்றி விடலாம். சிறியவற்றைப் பெட்டியில் விட்டுப் பெரியவற்றைக் குடிக்க விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சூடு 32 முதல் 34 டிகிரி. தளி மலைப்பக்கம் மார்கழி இரவில் சாக்கு மட்டும் போதாது, விளக்கு வேண்டும். விறைத்த குட்டிக்கு உடனே பால் ஊற்றக் கூடாது. முதலில் காயவைத்துச் சூடேற்ற வேண்டும், உடல் குளிர்ந்திருந்தால் பால் வயிற்றிலேயே தங்கும், புரையேறும். பிறகு 10 முதல் 15 மில்லி, சில மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று முறை. கறக்க எளிய நேரம் பன்றி ஈன்றுகொண்டிருக்கும்போதே, பால் தானாக இறங்கும். உறையவைத்த சீம்பாலைக் கை பொறுக்கும் வெந்நீரில் இளக்க வேண்டும், கொதிநீரில் வைத்தால் புரதம் கெட்டுவிடும்.

பண்ணையாளர், தேன்கனிக்கோட்டை:

அப்படியானால் பெயரைக் குடலுக்கு வைக்க வேண்டாம், நேரத்துக்கு வைக்கலாம். ‘சீம்பால் கெடு’. வங்கிக் கெடு, வரிக் கெடு எல்லாருக்கும் தெரியும். கெடு 24 மணி, அதற்குள் குடித்தாக வேண்டும்.

எடை குறைந்ததைச் ‘சவலை’ என்று போட்டுவிடலாம்.

தமிழாசிரியர், அரூர்:

சவலை பிறந்தபின் தாய்ப்பால் போதாமல் மெலிந்தது. பிறக்கும்போதே சிறுத்ததற்குப் பொருந்தாது. ‘நறுங்குதல்’ என்றொரு வினை உண்டு, வளர்ச்சி குன்றுதல்.

மருத்துவர், ஓசூர்:

நறுங்கியது என்பது எனக்கு மிகவும் வேண்டிய சொல். எடை குறைந்த குட்டிகள் இரண்டு வகை. ஒன்று உடல் அளவொத்துச் சிறியது, சூடும் சீம்பாலும் கிடைத்தால் பெரும்பாலும் தேறும். மற்றது கருவிலேயே ஊட்டம் குறைந்தது. மூளைக்கு மட்டும் ஊட்டம் போய், நெற்றி செங்குத்தாக மேடிட்டு, கண் பிதுங்கி, வாயோரம் சுருக்கம் விழுந்திருக்கும். அதன் குடல்தான் மிகப் பலவீனம். முதலாவதை ‘எடைகுறை குட்டி’, இரண்டாவதைக் ‘கருநறுங்கல்’ என்று பிரிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர், பாலக்கோடு:

இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ‘சீம்பால் கெடு’ பற்றி யாருக்கேனும் மறுப்பு உண்டா? நாளை மாலை அச்சு.

கணினித்தமிழ் ஆர்வலர், கிருஷ்ணகிரி:

‘சீம்பால் கெடு’ என்பதைச் சீம்பாலைக் கெடுப்பது என்றும் படிக்கலாம். ‘சீம்பால் தவணை’ எப்படி?

பண்ணையாளர், தேன்கனிக்கோட்டை:

தவணை என்றால் பிரித்துப் பிரித்துக் கட்டலாம், தள்ளியும் போடலாம் என்று ஆகிவிடும். கெடுவே இருக்கட்டும்.

தமிழாசிரியர், அரூர்:

கெடுவுக்கு நால்வர் உடன்படுகிறீர்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அது கடிகாரத்தின் பெயர், குடலில் நடப்பதன் பெயர் இல்லை. மருத்துவர் ஐயா, 24 மணி என்பது எல்லாக் குட்டிக்கும் ஒன்றுதானா?

மருத்துவர், ஓசூர்:

இல்லை. குடிப்பதே அந்தத் தூர்தலைத் தூண்டுகிறது. சீம்பாலுக்கு முன் பசும்பாலோ குளுக்கோஸ் தண்ணீரோ வயிறு நிறையக் கொடுத்தால் எதிர்ப்புப் புரதம் ஒரு துளியும் போகாமலே அந்தத் திறன் ஓயத் தொடங்கும். பட்டினியாகக் கிடந்தால் சற்றுத் தள்ளிப்போகும், ஆனால் ஒரு கிலோ தேறாத குட்டி அதுவரை தாங்காது. ஆகவே முதல் வாய் சீம்பாலாகவே இருக்க வேண்டும்.

தமிழாசிரியர், அரூர்:

நான் சொல்ல வந்தது அதுவே. 24 மணிக் கெடு என்று படித்தவர், இன்னும் நேரம் இருக்கிறது என்று முதலில் குளுக்கோஸ் கொடுப்பார். தூர்தல் என்று தெரிந்தவர் எதனால் தூரும் என்று கேட்பார்.

மொழிபெயர்ப்பாளர், பாலக்கோடு:

தலைப்பு ‘சீம்பால் கெடு’ என்றே போகிறது, ஐயா. அதன் கீழ் முதல் வரியாக, ‘வேறெதைக் குடித்தாலும் கெடு முன்கூட்டியே முடியும்’ என்று தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். ‘குடல் தூர்வு’ கடைசிப் பக்கச் சொற்பட்டியலில், பிரித்து எழுதி.

தமிழாசிரியர், அரூர்:

பட்டியலிலாவது சேர்த்து எழுதியிருக்கலாம், அம்மா. குடற்றூர்வு.