மூச்சிரைப்பு, தூக்கமின்மை, மூட்டுவலி: எல்லாமே ஹெபடைடிஸ் சி மாத்திரையின் பக்கவிளைவுதானா?

கேள்வி: பாலக்கோட்டு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 58 வயதாகிறது. பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் எங்களுடன் இருக்கிறார். இளவயதில் கர்ப்பப்பை அறுவை சிகிச்சையின்போது அவருக்கு இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி கிருமி அப்போதுதான் உடலில் புகுந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் கருதுகிறார். சென்ற ஆண்டு வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் கல்லீரல் சுருங்கிவிட்டது என்பதே எங்களுக்குத் தெரிய வந்தது. இப்போது அரசுத் திட்டத்தின் கீழ் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரையையும், அதனுடன் ரிபாவிரினையும் இலவசமாகப் பெற்றுச் சாப்பிட்டு வருகிறார்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தொல்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, உடம்பு முழுவதும் அரிப்பு இருக்கிறது, இரவில் தூங்காமல் புரண்டுவிட்டுப் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுகிறார். பொறுமைக்குப் பேர்போன அவர் சிறு விஷயத்துக்கும் சீறி விழுவது எங்களுக்கே புதிதாக இருக்கிறது. முன்பிருந்தே இருந்த முழங்கால் வலியும் இடுப்புப் பிடிப்பும் அதிகமாகிவிட்டன என்கிறார். சர்க்கரை நோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையும் உண்டு.

மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியும் சீந்தில் கொடியும் அரைத்துக் கொடுக்கும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அம்மாவும் பாதி மனத்துடன் அதற்குச் சாய்ந்துவிட்டார். இத்தொல்லைகளில் எவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம், எவற்றுக்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை, இச்சிகிச்சையைக் கடந்து வந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: அரூர்வாசி

சகோதரி, முதலில் மாத்திரையை நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். இடையில் நிறுத்தினால் ஒடுங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகும். அப்படிப் பெருகும் கிருமி அதே மருந்துக்குக் கட்டுப்படாமல் போகவும் இடமுண்டு.

இந்நோய்க்கான பழைய சிகிச்சை, புதிய சிகிச்சை இரண்டையும் அனுபவித்தவன் நான். அந்நாளில் வாரம் ஒருமுறை இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் என்று, கிருமியின் வகையைப் பொறுத்து 24 வாரமோ 48 வாரமோ சிகிச்சை நீளும். ஊசி போட்ட இரவு குளிர் காய்ச்சல் வந்து உடம்பு முறுக்கும், தலைமுடி கொத்தாக உதிரும், காரணமின்றி அழுகை வரும். அத்தனைக்கும் பிறகு கிருமி எனக்குத் திரும்பி வந்துவிட்டது. பின்னர் சோஃபோஸ்புவிருடன் டக்லடாஸ்விர் சேர்த்து 12 வாரம் சாப்பிட்டபோது, தொடக்கத்தில் சற்றுத் தலைவலியும் மாலையில் ஓர் அசதியும் இருந்தனவே தவிர, வேலைக்குப் போவதில் எந்தத் தடையும் ஏற்படவில்லை. ஆகவே தங்கள் தாயாரின் தொல்லைகளில் பெரும்பகுதிக்குப் பொறுப்பு, கிருமியைக் கொல்லும் புதிய மாத்திரையைவிட ரிபாவிரினாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ரிபாவிரின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் தன்மை கொண்டது. சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும், படி ஏறும்போது மூச்சு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். அதற்காக முருங்கைக்கீரையும் வெல்லமும் பேரீச்சையும் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். இங்கே இரும்புச்சத்துக் குறைவால் சோகை வருவதில்லை, இருக்கும் அணுக்கள் உடைவதால் வருகிறது. ஆதலால் கீரை உண்பதில் தவறில்லை என்றாலும், இரும்பு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம், மிகையான இரும்பு நோயுற்ற கல்லீரலுக்குச் சுமையாகும். இரத்த அணுப் பரிசோதனையைத் தாமதிக்காமல் எடுத்து மருத்துவரிடம் காட்டினால் அவர் ரிபாவிரின் அளவைக் குறைப்பார். மிகவும் இறங்கியிருந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற மாத்திரையை 24 வாரமாக நீட்டிக்கும் வழியும் நம் நாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிகிச்சையே முடிந்துவிட்டது என்று பொருளில்லை.

அரிப்புக்குச் சோப்பைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் குளித்தபின் ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுவது எனக்கு உதவியது. கொப்புளமோ வாய்ப்புண்ணோ சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, கிருஷ்ணகிரி

மேலே கூறப்பட்டவை பெரும்பாலும் சரியே. ஆனால் தூக்கத்தையும் சிடுசிடுப்பையும் ரிபாவிரின் கணக்கில் எழுதிவிட்டு ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வயிற்றில் நீர் கோக்கும் அளவுக்குக் கல்லீரல் சுருங்கிய ஒருவர் இரவில் விழித்திருந்து பகலில் உறங்குகிறார், குணமும் மாறுகிறது என்றால், கல்லீரல் வடிகட்டத் தவறிய நச்சுப்பொருள்கள் மூளையைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம் என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். ரிபாவிரினும் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும் என்பதால்தான் இதைப் பிரித்தறிவது வீட்டாருக்குக் கடினமாகிறது. அம்மாவை இரு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிச் சிறிது நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கைகள் படபடவெனத் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தாலோ, கிழமையைத் தவறாகச் சொன்னாலோ, பேச்சு குழறினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கை நடுங்கவில்லை என்றாலும் இந்தத் தூக்க மாற்றத்தை இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மலச்சிக்கல் இந்நிலையைத் தூண்டிவிடும். லாக்டுலோஸ் சிரப் எழுதித் தந்திருந்தால், வயிற்றுப்போக்காகிறது என்று அதை நிறுத்திவிடுவது நான் பணியில் இருந்த காலத்தில் அடிக்கடி கண்ட வழக்கம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதற்காகவே அதைத் தருகிறார்கள். தூக்க மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

மலம் தார்போலக் கறுத்துப் போவது, இரத்த வாந்தி, காய்ச்சலுடன் வயிற்றுவலி ஆகியவையும் இரவென்றும் பாராமல் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்.

முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் இதில் மாத்திரையை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் காலமெல்லாம் குடித்தோம், அதிலிருந்த ஃபுளூரைடு பல்லைக் கறையாக்கியதோடு நிற்காமல் எலும்பிலும் மூட்டிலும் முதுகெலும்பிலும் படிந்து விறைப்பை உண்டாக்கியிருக்கிறது. வயதின் தேய்மானமும் சேர்ந்திருக்கலாம். ஹெபடைடிஸ் சி கிருமியே சிலருக்கு மூட்டுவலி தரும், அப்படியானால் கிருமி போகப் போக வலி குறையக்கூடும். எந்த வலியாக இருந்தாலும், சந்தைக்கு வந்த இடத்தில் ஒரு கிளினிக்கில் நுழைந்து டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கத்தை இப்போது அறவே தவிர்க்க வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக்கசிவைத் தூண்டும், வற்றிய நீரை வயிற்றில் மீண்டும் கோக்க வைக்கும். பாராசிட்டமால்தான் பாதுகாப்பானது, அதுவும் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டாமல், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுத் தரலாம்.

சீந்திலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்குத் தலைமுறை தலைமுறையாகப் புகழ்பெற்றது, ஆனால் ஹெபடைடிஸ் சி கிருமியை அது அழிக்கும் என்பதற்குச் சான்றில்லை. உறவினர்களிடம் சண்டை போட வேண்டாம். சிகிச்சை முடியட்டும், அதன்பின் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பேசுவோம் என்று தள்ளிப்போடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை களி, சாமைச் சோறு, பருப்பு, முட்டை எல்லாம் தாராளமாகத் தரலாம். கல்லீரல் நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது காலாவதியான அறிவுரை. படுக்கும் முன் சிறிது உணவு கொடுப்பது தசை கரைவதைத் தடுக்கும். குறைக்க வேண்டியது உப்பைத்தான், நம் பக்கத்து மாங்காய் ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அதில் அடங்கும்.

பதில்: மருந்தாளுநர், ஓசூர்

கேஸ் மாத்திரை என்று கேள்வியில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. வெல்படாஸ்விர் உடலில் சேர வயிற்றில் அமிலம் இருக்க வேண்டும். ஓமிபிரசோல், பான்டாபிரசோல் போன்றவை அந்த அமிலத்தையே அடக்கிவிடுவதால், கிருமி மாத்திரை வீணாகிவிடக்கூடும். உண்மையிலேயே அது தேவைதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவை என்றால் கிருமி மாத்திரையை உணவுடன் முதலில் கொடுத்து, குறைந்த அளவு கேஸ் மாத்திரையை 4 மணி நேரம் கழித்துக் கொடுக்கச் சொல்லக்கூடும். நெஞ்செரிச்சலுக்கான வெள்ளைத் திரவ மருந்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவற்றில் ஒன்றைக்கூட இதனுடன் கலந்துவிடக் கூடாது. வீட்டில் இருக்கும் எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் முன் கொட்டிக் காட்டுவதே சிறந்த வழி.

சர்க்கரையிலும் கவனம் தேவை. கிருமி குறையும்போது உடலில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் என்பதால், பழைய அளவு மாத்திரையிலேயே சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் படபடப்பும் வரலாம். இன்னொன்று, ரிபாவிரினால் சிவப்பணுக்கள் உடையும் காலத்தில் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே விரலில் குத்திப் பார்க்கும் அன்றாட அளவையே நம்புங்கள்.

பாலக்கோட்டு மகள்

மூவருக்கும் நன்றி. கையை நீட்டச் சொல்லிப் பார்த்தோம், நடுக்கம் இல்லை, கிழமையும் தெளிவாகச் சொன்னார். ஆயினும் நாளைக் காலை அழைத்துச் செல்கிறோம், கேஸ் மாத்திரையை மருத்துவர் சொல்லும்வரை கொடுப்பதாக இல்லை. வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது: என் அண்ணி அம்மாவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்துவிட்டார். மேலும், சிகிச்சை முடிந்த பிறகு இத்தொல்லைகள் எவ்வளவு காலம் நீடிக்கும்? முழங்கால் அறுவை சிகிச்சை செய்யவும் நினைத்திருந்தோம்.

பதில்: அரூர்வாசி

தட்டும் டம்ளரும் தேவையே இல்லை, இது உணவாலோ எச்சிலாலோ தொற்றும் நோயன்று, இரத்தத்தால் தொற்றுவது. சர்க்கரை பார்க்கும் ஊசி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை மட்டும் தனியே வைத்தால் போதும். அண்ணியார் கருவுற்றிருந்தாலோ அதற்கான எண்ணத்தில் இருந்தாலோ, ரிபாவிரின் மாத்திரையை உடைப்பது, பொடிப்பது போன்ற வேலையை மட்டும் அவரிடம் விடாதீர்கள், அது கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்யும் மருந்து. அதைச் சாப்பிடுபவர் ஆணாயின் குறைந்தது 6 மாதமும் பெண்ணாயின் 9 மாதமும், முடித்த பிறகும் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை இதைப் படிக்கும் இளையவர்களும் நினைவில் கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு மற்ற மாத்திரைகள் விரைவில் உடலை விட்டு நீங்கிவிடும், ரிபாவிரின் மட்டும் மெதுவாகவே வெளியேறும். ஹீமோகுளோபின் சில வாரங்களில் ஏறத் தொடங்கும், அரிப்பும் அதனுடன் அடங்கும். அசதி மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், எனக்கும் இழுத்தது. கிருமி ஒழிந்ததா என்பதை, கடைசி மாத்திரைக்குப் பின் 12 வாரம் கழித்துச் செய்யும் கிருமி அளவுப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். அதைத் தவறவிடுபவர்கள் பலர்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, கிருஷ்ணகிரி

கிருமி ஒழிந்தாலும் சுருங்கிய கல்லீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு முழுதும் நீங்கிவிடாது என்பதால், 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும். உணவுக்குழாயில் இரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்பதை எண்டோஸ்கோப்பி மூலம் எப்போது பார்ப்பது என்றும் கேட்டு வையுங்கள்.

முழங்கால் அறுவை சிகிச்சையைக் கல்லீரல் மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம், வயிற்றில் நீர் கோத்தவருக்கு மயக்க மருந்தும் அறுவையும் ஆபத்தானவை. நிலைமை தேறி அதற்குப் போகும் காலத்தில் இன்னொரு குழப்பமும் வரும். அறுவைக்கு முன் எடுக்கும் சாதாரண எதிர்ப்பொருள் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்றே வரும். நோய் குணமானவர்களுக்கும் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அப்படியே வரும், அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். 12 வாரத்துக்குப் பின் எடுத்த கிருமி அளவு அறிக்கையைக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்து அதையே காட்டுங்கள், இல்லாவிட்டால் முன்பின் அறியாத மருத்துவமனையில் அறுவையைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.