கோவளம் அருகே சென்னையின் ஆறாவது குடிநீர் நீர்த்தேக்கம்: உவர்நிலத்தில் குடிநீரைத் தேக்க முடியுமா?

கேள்வி (கேளம்பாக்கம் குடியிருப்பாளர்):

அனைவருக்கும் வணக்கம். பழைய மாமல்லபுரம் சாலையையொட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் வளாகத்துக்கு இன்றுவரை குழாய்க் குடிநீர் வரவில்லை. 2019 கோடையில் லாரியும் வராத நாள்களில், தரைத்தொட்டியின் அடியில் கலங்கி நின்ற நீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தினோம். அதனால், கோவளத்துக்கும் திருப்போரூருக்கும் இடையே 3,010 ஏக்கரில் 1.6 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீரைத் தேக்கப் போவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தபோது உள்ளபடியே மகிழ்ந்தேன். ஆயினும் ஓர் ஐயம் நீங்கவில்லை. கடலுக்கு இவ்வளவு அருகில், உவர்நிலத்தில் தேங்கும் நீர் குடிக்க ஆகுமா? சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தைப் போல மேட்டுப்பகுதியில் ஓர் அணை கட்டாமல் இங்கே ஏன் கட்டுகிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்):

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சென்னையைச் சுற்றி அணைக்கு ஏற்ற பள்ளத்தாக்கே இல்லை. மேட்டூர் அணையில் 120 அடி வரை நீரைத் தேக்கலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1944-இல் திறக்கப்பட்ட பூண்டியில் முழு ஆழமே 35 அடிதான். (அதற்காக மேயராக இருந்து பாடுபட்ட சத்தியமூர்த்தி 1943-இலேயே காலமாகிவிட்டார், அவர் பெயரைத்தான் அந்த நீர்த்தேக்கம் தாங்கி நிற்கிறது.) அந்த ஆற்றிலும் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. ஆகவேதான் 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கிருஷ்ணா நீரைக் கால்வாய் வழியே கொண்டுவர வேண்டியதாயிற்று. அது பூண்டியை வந்தடைய 1996 ஆனது. 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டதன்று. இரண்டு ஏரிகளை இணைத்து, அந்தக் கால்வாய் நீரைத் தேக்குவதற்காகவே அமைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு அரை டி.எம்.சி. மட்டுமே.

இப்போது கணக்குக்கு வருவோம். நகரத்துக்கு நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் வேண்டும் என்று கொண்டால், ஒரு டி.எம்.சி. நீர் 28 நாள்களுக்குத்தான் வரும், 1.6 டி.எம்.சி. என்பது 45 நாள் நீர். அதையே ஓராண்டுக்குப் பகிர்ந்தால் நாளுக்குப் பன்னிரண்டு கோடி லிட்டர் அளவில் நிற்கும். நெம்மேலியில் 2013-இலும் 2024-இலும் திறக்கப்பட்ட இரண்டு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களின் திறன் சேர்ந்து இருபத்தைந்து கோடி லிட்டர். என்றாலும் அங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் செலவாகிறது. தையூர், மானாமதி போன்ற ஏரிகள் நிரம்பிய பிறகு கடலுக்குப் போகும் மழைநீரைப் பிடித்து வைப்பதற்கு அத்தனை செலவில்லை. நான் இத்திட்டத்தை ஆதரிக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1.6 டி.எம்.சி. நீரை 3,010 ஏக்கரில் பரப்பினால் சராசரி ஆழம் பன்னிரண்டு அடிதான். நம் வெயிலில் ஆண்டுக்கு ஐந்தடி அளவுக்கு ஆவியாகிவிடும். எனவே மழை முடிந்ததும் இந்த நீரை முதலில் எடுத்துச் செலவிட்டு, ஆழமான பூண்டி நீரைக் கோடைக்கு வைத்துக்கொள்வதே முறை.

பதில் 2 (சிங்கப்பூர்வாசி):

உவர்ப்பைப் பற்றிய கேள்விக்கு நான் வசிக்கும் ஊரில் ஒரு முன்மாதிரி உண்டு. இங்குள்ள மரினா அணைக்கட்டு 2008-இல், நகரத்தின் நடுவே ஆறு கடலில் சேரும் இடத்தில் கட்டி முடிக்கப்பட்டது. ஒன்பது எஃகு மதகுகள் கடலைத் தடுத்து நிற்கின்றன. கடல் ஏற்றத்தின்போது பெருமழை பெய்தால் ராட்சத பம்புகள் நீரை வெளியேற்றுகின்றன. உள்ளே இருந்த உப்புநீர் மழையால் சிறிது சிறிதாக வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் நன்னீரானது. ஆனால் இங்கே எல்லா மாதமும் மழை பெய்கிறது. சென்னையின் மழையோ பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் நீர் வற்ற வற்ற, எஞ்சிய நீரில் உப்பு ஏறும். அணை கட்டுவதற்கு முன்பே பத்தாண்டுகள் செலவிட்டுச் சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மை செய்ததையும் மறந்துவிடலாகாது. கழிவுநீர் கலக்கும் கால்வாய்களை அப்படியே விட்டுவிட்டுக் கோவளத்தில் கரை எழுப்பினால், தேங்குவது குடிநீராக இருக்காது.

பதில் 3 (கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டுக் கழிமுகக் கரை மீனவர்):

மேலே எழுதிய இரு பெரியவர்களையும் மதிக்கிறேன். ஆனால் ‘கடலுக்குப் போகும் மழைநீர்’ என்ற சொல் என்னை வருத்துகிறது. அந்த நீர் கழிமுகத்தில் கடல்நீரோடு கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. நண்டும் மடவை மீனும் அங்கேதான் ஒதுங்குகின்றன. எங்களுடைய சிறு வலைகளுக்கு மட்டுமன்று, வலையே இல்லாமல் இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்களுக்கும் அதுதான் வருமானம். நன்னீர் வரத்து நின்றால் அவர்களுக்கு எந்தக் கணக்கில் இழப்பீடு தருவார்கள்? பட்டா நிலம் வைத்திருப்பவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தண்ணீரில் வேலை செய்பவருக்குக் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை.

பதில் 4 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்):

தம்பி சொல்வது சரி. அந்தச் சொல்லை நான் இனிப் பயன்படுத்த மாட்டேன். ஆற்றணையில் கீழ்ப்பாசனத்துக்கு நீர் விடுவதை எப்படி விதியாக எழுதுகிறோமோ, அப்படியே கழிமுகத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு நீர் திறக்க வேண்டும் என்பதையும் மதகு இயக்க விதியிலேயே எழுத வேண்டும். கொள்ளளவில் ஒரு பகுதி அதற்குப் போகும். என் 45 நாள் கணக்கு 35 நாளாகக் குறையலாம், குறையட்டும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. இறால் பிடிப்பவர்களைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் குடிநீர் இணைப்பையும் இந்த மதகு விதியையும் ஒரே மனுவில் கேட்க விரும்புகிறேன். முட்டுக்காட்டு நண்பர் அதை எழுத உதவுவாரா?