பள்ளி நூலக அறை தயார். இனி வேண்டியது புத்தகமும் ஆளும்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் யு.பி. பள்ளியில் (ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை) நூலக அறை வேலை முடிந்துவிட்டது. லீவில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை பக்கம் போனவன் நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஓடு மாற்றி, தரைக்கு டைல்ஸ் போட்டு, ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்திருக்கிறார்கள். பணம் அனுப்பியவர்கள் நிம்மதியாக இருக்கலாம், காசு வீண் போகவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அலமாரிகள். நாலடிக்கு மேல் எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் மேல்தட்டு எட்டும். அடித்தட்டைத் தரையிலிருந்து அரையடி தூக்கி, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருக்கிறார் ஆசாரி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் அடித்து மேற்குச் சுவர் ஓதம் ஏறுவது நமக்குத் தெரியாததா? கரையானும் அந்த வழியாகத்தான் வரும்.

மலையாளத் தட்டுகள் நிறைந்திருக்கின்றன. நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடும் மாநிலம் கேரளம், அதில் ஆச்சரியமில்லை. தமிழ்த் தட்டுகள்தான் பாதிக்கு மேல் காலி. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆந்தை பற்றிய மலையாளப் புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்து, பக்கத்தில் இருந்தவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில் அப்படி ஒன்று அங்கே இல்லை.

வீட்டில் இரண்டு பெட்டி புத்தகம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நாம் படித்து முடித்த தொடர்கதை பைண்டிங்கும் பழைய கைடுகளும் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு ஆகாது. தட்டு நிறையும், ஆனால் யாரும் தொட மாட்டார்கள். அதற்குப் பதில் பணமாகக் கொடுங்கள். ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா நடக்கும். தமிழாசிரியரோடு நாலைந்து பிள்ளைகளையும் வேனில் கூட்டிப்போய் அவர்களையே பொறுக்க விடலாம். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு, படமும் நன்றாக இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்செடுத்துத் தைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

அப்புறம், ஆள். நம் பள்ளியில் நூலகர் கிடையாது. பொறுப்பு ஆசிரியருக்கு வகுப்பு எடுக்கவே நேரம் போதாது. புத்தகம் கிழிந்துவிடும் என்று பயந்து பூட்டிவைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிடக் கூடாது. நூல்கள் பயன்படுத்தவே என்று நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-இலேயே தம் ஐந்து நூலக விதிகளில் முதல் விதியாக எழுதிவைத்தார். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். மத்தியான இடைவேளையிலும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரமும் அறையைத் திறந்துவைத்து, பதிவேட்டில் எழுதிப் புத்தகம் கொடுத்து வாங்க, ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கலாம் என்பது என் யோசனை. தலைமை ஆசிரியர் சரி என்றுவிட்டார். துபாய் அண்ணன்மார், சிங்கப்பூர் அக்கா, உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

பணம் வழக்கம்போல் பொருளாளர் கணக்குக்கே. புத்தகத்துக்கா, மாதச் சம்பளத்துக்கா என்று மட்டும் மறக்காமல் குறிப்பிட்டுவிடுங்கள்.