‘மலை காணாத வண்டி’ எண்டா நம்பி எடுக்கலாமா?

வாவிக்கரையான் (கல்லடி):
டொயோட்டா டவுன்ஏஸ் நோவா வேன் ஒண்டு பாத்து வைச்சிருக்கன். டீசல், 3சி இஞ்சின். வீட்டுல ஆறு பேர், மாசத்துக்கு ரெண்டு தரம் அம்மாவ மருந்துக்குக் கண்டிக்குக் கூட்டிப் போகணும், அதான் வேன். புறோக்கர் ஒரே கதையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றார்: "தம்பி, இது மட்டக்களப்புலயே ஓடின வண்டி, மலையக் கண்டதில்ல, இஞ்சின் பூ மாதிரி." நேத்துப் பின்னேரம் போய் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தன். ஒரே திருப்புல எடுத்திச்சு, புகையும் இல்ல. வேற என்னத்தப் பாக்க?

சில்லு (அக்கரைப்பற்று):
எடு மச்சான். நான் 15 வருசமா ஹயர் ஓடுறன், புறோக்கர் சொல்றது பொய்யில்ல. மலைநாட்டு வண்டி எண்டா கிளச், பிறேக், கியர்பொக்ஸ் எல்லாம் தேஞ்சி கிடக்கும். இங்க சமதரை, இஞ்சினுக்குப் பாரமே இல்ல. மீற்றர மட்டும் நம்பாத, அது திருப்பினதாத்தான் இரிக்கும். பெடல் ரப்பரப் பார், ஸ்டியரிங் வழுக்குதா பார். மற்றது, 2020 மார்ச்சில இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரி வரைக்கும் ஒண்டும் வராமக் கிடந்த நாட்டுல, குறையே இல்லாத பழைய வண்டிதான் வேணும் எண்டு நிண்டா கிழவனாகித்தான் எடுப்பாய்.

ஒயில் கை (கல்முனை):
தம்பி, சில்லு சொல்றதுல பாதி சரி. மத்தப் பாதிதான் ஆளக் கவுக்கும்.

2சி, 3சி இஞ்சினுக்குப் பேர்போன வருத்தம் ஹெட் (சிலிண்டருக்கு மேல இருக்கிற மூடி) வெடிக்கிறது. புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருக்கா தண்ணி குறைஞ்சி சூடேறினாக் காணும், வால்வுக்கும் வால்வுக்கும் இடையில மயிர் மாதிரி ஒரு கோடு விழும். அந்தக் கோட்டோட கல்முனையிலருந்து மட்டக்களப்புக்கு நூறு தரம் போய் வரலாம், ஒண்டும் தெரியா. நம்மட பக்கத்துல ஏத்தம் எண்டு இருக்கிறது கல்லடிப் பாலம்தானே! ஆறு பேர ஏத்தி, ஏசியும் போட்டு, மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறக்குள்ளதான் சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போகும். அதால மேல ஓடேலாத வண்டியெல்லாம் கீழ இறங்கி நம்மட ஊர்ல விலைப்படுது. நீங்க கண்டிக்குத்தான் போகப்போறீங்க, அத யோசிங்க.

பின்னேரம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்ததும் கணக்கில்ல. டீசலுக்கு ஆறின இஞ்சின்தான் சோதனை. நம்மட வெக்கைக்குள்ள கொம்பிரசன் குறைஞ்ச இஞ்சினும் எடுக்கும். ஒருக்கா சூடாக்கி வைச்சா சொல்லவே தேவையில்ல. விடியப் போங்க, சொல்லாமப் போங்க. நோவாவுக்கு இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ. தூக்கிக் கை வையுங்க, குளிர்ந்து இரிக்கணும். மறுகா றேடியேற்றர் மேல் ஹோஸ அமத்துங்க. இரவு முழுக்க நிண்ட வண்டிட ஹோஸ் தொளதொள எண்டு கிடக்கணும். விடிஞ்சும் இறுகி நிண்டா, அந்தக் கோட்டால இஞ்சின் கேஸ் தண்ணிக்குள்ள போகுது. மூடியக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. விடாமக் குமிழி வந்தா சலாம் சொல்லிட்டு வந்திருங்க.

சில்லு:
ஒயில் கை காக்கா, உங்கட கராச்சுக்கு வாறதெல்லாம் வருத்தக்கார வண்டி, அதால உங்களுக்கு எல்லா வண்டியும் வருத்தமாத் தெரியிது. எண்ட பழைய லைற்ஏஸ் 2சி. தேர்மோஸ்டற்ற (இஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணிய மறிக்கிற வால்வு) கழட்டி எறிஞ்சிட்டு ஏழு வருசம் ஓடினன், ஹெட் திறக்கவேயில்ல. இந்த வெயிலுக்கு அது என்னத்துக்கு? கராச் பாஸ்மார் எல்லாரும் கழட்டத்தான் சொல்றாங்க.

ஒயில் கை:
அந்தப் பாஸ்மார்தான் எனக்குச் சோறு போடுறாங்க. இஞ்சின் அதுக்குரிய சூட்டுக்கு வராம ஓடினா டீசல் ஒழுங்கா எரியா, ஒயில் கெடும், சிலிண்டர் போர் தேயும். வாங்கிறவருக்கு இதுல ஒரு துப்பும் இரிக்கி. அரை மணித்தியாலம் ஓடியும் முள்ளு அடியிலயே கிடந்தா, ஏன் கழட்டினீங்க எண்டு கேளுங்க. சூடு காட்டின வண்டியிலதான் அத முதல்ல கழட்டுவாங்க. ஏழு வருசம் ஓடினீங்க, சரி. எத்தின தரம் பதுளைக்கு ஏறினீங்க?

சில்லு:
ஒருக்காவும் இல்ல. அதத்தானே நானும் சொல்றன், இங்க ஓடுறதுக்குப் பிழையில்ல எண்டு.

படுவான் (கொக்கட்டிச்சோலை):
ரெண்டு பேரும் இஞ்சினுக்குள்ளயே நிக்கிறீங்க. மட்டக்களப்பு வண்டி எண்டா முதல்ல தண்ணியக் கேளுங்கப்பா. 2024 நவம்பர் வெள்ளத்துல நிண்ட வண்டி எத்தினையோ கழுவிப் பூசி வித்தாச்சு. சீற் பெல்ட்ட கடைசி மட்டும் இழுங்க, நுனியில சேத்துக்கோடு இருந்தாத் தெரியும். பின் அச்சு டிப் (டிபரென்சியல்) ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தா வெள்ளத்துக்குள்ள இறங்கின வண்டி. வாழைச்சேனைப் பக்கம் மீன் ஏத்தினதா எண்டும் பாருங்க. உப்பும் ஐஸ்தண்ணியும் ஊறின தளம் மேல மினுங்கும், கீழ கை வைச்சா அப்பளம்.

சிவப்புக் கொடி (ஏறாவூர்):
இந்தப் பழசுக்கு ஏன் மாரடிக்கிறீங்க? கொஞ்சம் கூடக் குடுத்து டொயோட்டா ஹையேஸ் கேடிஎச் வேன் எடுங்க. கொமன் ரெயில் (கூடின அமுக்கத்துல டீசல் அடிக்கிற புது மாதிரி) இஞ்சின், இழுவையும் இரிக்கி, ஹெட் கதையும் இல்ல.

சில்லு:
நான் இப்ப ஓடுறதே கேடிஎச்தான், 1கேடி இஞ்சின். கதைய என்னட்டக் கேள். டீசல் அடிக்கிற நோசலுக்குக் கீழ இருக்கிற செப்பு வாசர் ஒழுகி, கரி ஒயிலுக்குள்ள இறங்கி, ஒயில் நிக்கிற சம்புக்குள்ள இருக்கிற வலைய அடைச்சிட்டு. ஒயில் லைற் மினுங்கின பிறகுதான் எனக்கே தெரியும். நாலு நோசலுக்கும் குடுத்த காசுக்கு ஒரு மோட்டச் சைக்கிள் எடுத்திருப்பன்.

ஒயில் கை:
இதுல நான் சில்லுட பக்கம். 2022 ஓகஸ்ட் வரைக்கும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா, டீசல் அதுக்கு எத்தினையோ மடங்கு. கலந்து ஓடின ஆக்கள் கொஞ்சப்பேர் இல்ல. பழைய பம்ப் ஒருமாதிரித் தாங்கும். கொமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் ஒயிலும், மண்ணெண்ணெய் அதத் தின்னும். கேடிஎச் எண்டா நோசல் லீக் ரெஸ்ட் பண்ணாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

வாவிக்கரையான்:
இண்டைக்கு விடிய ஆறரைக்குப் போனன், சொல்லாம. ராத்திரி முழுக்க இங்க மழை. புறோக்கர்ட முத்தம் சேறாக் கிடக்கு. சீற்றத் தூக்கிக் கை வைச்சன், சுட்டிச்சு. கேட்டா, "இப்பதான் மகள ரியூசனுக்கு விட்டுட்டு வந்தன்" எண்டார். குனிஞ்சி பாத்தன். வண்டிக்குக் கீழ மட்டும் மண் காய்ஞ்சி, நாலு ரயரும் அதுக்குள்ள. வாசல் வரைக்கும் ஒரு ரயர் தடமும் இல்ல.

சில்லு:
மலை காணாத வண்டி நல்லம் எண்டு இப்பவும் சொல்லுவன். ஆனா இது கேற்றையும் கண்டிருக்காது போல. விடு மச்சான்.

ஒயில் கை:
ஹோஸ் எப்பிடி இருந்திச்சு?

வாவிக்கரையான்:
அமத்தேல்ல காக்கா. மழை திரும்பத் தூறிச்சு, சைக்கிள எடுத்துட்டு வந்திட்டன். ஓட்டமாவடியில இன்னொரு நோவா இரிக்காம், ஞாயிற்றுக்கிழம விடியப் போறன். கராச் பூட்டுத்தானே அண்டைக்கு, ஏலுமெண்டா நீங்களும் வாங்க.