1971 சரி, 1987 தப்பு என்றால் கோடு எங்கே?

தண்டையார்பேட்டை_தம்பி:

எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிறு சாயங்காலம் விவாதம் வைப்பார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் கேரம் ஆட வருகிறவர்கள்தான், ஆனால் பேச ஆரம்பித்துவிட்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். இந்த வாரம் தலைப்பு "அடுத்த நாட்டுப் போரில் தலையிடலாமா". நான் தலையிடக் கூடாது என்கிற கட்சி. ஈராக், லிபியா, ஆப்கானிஸ்தான் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், அது சுலபம். 2001ல் தாலிபானை விரட்டப் போன அமெரிக்கா 20 வருடம் உட்கார்ந்துவிட்டு 2021 ஆகஸ்டில் கிளம்பும்போது அதே தாலிபான் காபூலுக்குள் நுழைந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

என் சிக்கல் வேறு. எதிர்க்கட்சியில் பேசப்போகிற அண்ணன் இரண்டே கேள்வியில் என்னை மடக்கிவிடுவார். இந்திரா காந்தி 1971ல் படை அனுப்பியிருக்காவிட்டால் வங்கதேசத்துக்காரன் கதி என்ன? 2009ல் இலங்கையில் நடந்த கடைசிப் போரின்போது "டெல்லியே, போரை நிறுத்து" என்று தெருவில் கத்தியவர்கள் இப்போது எந்த முகத்தோடு தலையிடாதே என்கிறீர்கள்? இதற்கு நேர்மையான பதில் இருக்கிறதா, இல்லை இந்தக் கொள்கையே அமெரிக்காவைத் திட்டுவதற்கு மட்டும்தானா?

கல்மண்டபம்:

தம்பி, 1990 மார்ச்சில் நான் துறைமுகத்தில் வேலை. இலங்கைக்குப் போன அமைதிப்படை கப்பலில் திரும்பி இங்கேதான் இறங்கியது. அப்போது கலைஞர் முதலமைச்சர், வரவேற்கப் போக மாட்டேன் என்று சொல்லிப் போகவில்லை. எங்கள் ஆட்களில் சிலர் அது சரி என்றார்கள், சிலர் சிப்பாய் என்னப்பா செய்வான், அனுப்பினவனைக் கேளு என்றார்கள். இன்றைக்கும் அந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

விவாதத்தில் ஈராக்கை எல்லாம் பின்னால் வை. முதலில் நம் கதையைச் சொல். 1983க்குப் பிறகு தமிழ்நாட்டிலும் வடக்கே டேராடூன் பக்கமும் முகாம் போட்டு ஈழ இயக்கப் பையன்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தது டெல்லி. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதில் கையெழுத்தே போடவில்லை. மறுநாள் அணிவகுப்பில் நின்ற ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடிக்கிறான், அந்த நாட்டில் அந்த ஒப்பந்தத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். அக்டோபரில் நாம் பயிற்சி கொடுத்த ஆளோடு நம் படையே சண்டை. 1989ல் இலங்கையின் புது அதிபர் பிரேமதாசா இந்தியப் படையே வெளியே போ என்கிறார், சொன்னதோடு நிற்காமல் புலிகளுக்கு ஆயுதமும் கொடுக்கிறார். யார் யாருக்காக யாரைச் சுட்டார்கள் என்று இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும். சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். அங்கே செத்த பொதுமக்கள் கணக்கு தனி. படை திரும்பிய அடுத்த வருடமே ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை.

1971க்கு வா. அதற்கு முந்தைய டிசம்பரில் தேர்தல் நடந்து, கிழக்குப் பாகிஸ்தானின் 162 தொகுதியில் 160ஐ அவாமி லீக் ஜெயித்திருந்தது. ஜெயித்தவனை ஜெயிலில் போட்டுவிட்டு ராணுவம் ஊரைக் கொளுத்தியது, ஒரு கோடிப் பேர் நம் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். டிசம்பர் 3ஆம் தேதி நம் விமானத் தளங்கள் மேல் முதல் குண்டைப் போட்டதும் பாகிஸ்தான்தான். 16ஆம் தேதி டாக்காவில் சரணடைந்தார்கள், 1972 மார்ச்சுக்குள் நம் படை ஊர் திரும்பிவிட்டது. அதற்கு முன்பே முக்தி பாகினி என்ற வங்க விடுதலைப் படைக்கு நாம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதையும் நீயே சொல்லிவிடு, மறைத்தால் அண்ணன் எடுத்துக் காட்டுவார். ஆனால் அந்த மண்ணில் ஓட்டு வாங்கிய ஒரு தலைமை இருந்தது, சண்டை அவர்களுடையது, திரும்பி வர வழி தெரிந்தே நாம் போனோம். 1987ல் இந்த மூன்றில் எது இருந்தது?

மின்ட்_மணிக்கூண்டு:

நான் தம்பி சொன்ன அந்த அண்ணன் இல்லை, ஆனால் அவர் கட்சிதான். கல்மண்டபம் ஐயா சொல்வதில் ஒரு ஓட்டை. 1971க்கு ஒரு காரணம், இன்னொன்றுக்கு இன்னொரு காரணம் என்று விதிவிலக்கு வைத்துக்கொண்டே போனால், நல்லபடியாக முடிந்த போரெல்லாம் சரி, கெட்டபடியாக முடிந்ததெல்லாம் தலையீடு என்று ஆகிவிடும். இது கொள்கையா, ரிசல்ட் பார்த்து மார்க் போடுவதா? போல் பாட் கம்போடியாவில் லட்சக்கணக்கில் ஆட்களைக் கொன்றான், 1979 ஜனவரியில் வியட்நாம் படை உள்ளே போய்த் தலைநகரைப் பிடித்த பிறகுதான் அது நின்றது. அப்போது உலகமே வியட்நாமைத் திட்டியது. ருவாண்டாவில் 1994ல் யாரும் போகவில்லை, நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர். தலையிடாதே என்று சொல்கிறவர்கள் அந்த நூறு நாளைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

கல்மண்டபம்:

திறக்கிறேன். ருவாண்டாவில் யாரும் போகவில்லை என்பதே சரியில்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு அழைத்த ஐ.நா. படை சுமார் 2,500 பேர் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். கொலை ஆரம்பித்ததும் பத்து பெல்ஜியச் சிப்பாய்கள் செத்தார்கள், பெல்ஜியம் கிளம்பிவிட்டது, பாதுகாப்புக் கவுன்சில் மிச்சப் படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. அதற்கு முன்னால் அந்த அரசாங்கத்தின் ராணுவத்துக்கு வருடக்கணக்கில் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது பிரான்ஸ். சம்மதத்தோடு நிற்கிற காவலை எடுக்காதே, கொல்கிறவன் கையில் முன்கூட்டியே ஆயுதம் கொடுக்காதே என்பதுதான் நாங்கள் சொல்வது. இதில் எது உங்களுக்கு இடிக்கிறது?

கம்போடியா இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வியட்நாம்காரன் எல்லையை போல் பாட் ஆட்கள் தாண்டி வந்து கிராமம் கிராமமாக வெட்டிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளே போனவர்கள் வெளியே வர 1989 ஆனது என்பதையும்.

புழல்ஏரி:

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் புழல் அகதிகள் முகாம். பிறந்ததே இங்கேதான், அம்மா யாழ்ப்பாணத்துக்காரர்.

முதலில், 2009ல் இந்தியா தலையிடவில்லை என்று யார் சொன்னது? இலங்கை ராணுவத்துக்கு ரேடார் கொடுத்தது, கடற்படைக்கு ரோந்துக் கப்பல் கொடுத்தது. மே 18ல் எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகவில்லை, ஜெனீவாவில் மனித உரிமை கவுன்சிலில் இலங்கையைப் பாராட்டுகிற மாதிரி வந்த தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. இதெல்லாம் தலையீடு இல்லாமல் வேறு என்ன? படை போனால்தான் தலையீடு, பெட்டி பெட்டியாய் ஆயுதம் போனால் அது வெளியுறவு என்று நாம் பழகிவிட்டோம். 2009ல் தெருவில் நின்றவர்கள் பெரும்பாலும் கேட்டது போரை நிறுத்தச் சொல், உதவுவதை நிறுத்து என்று. இன்னொரு அமைதிப்படை அனுப்பு என்று என் காதில் விழவில்லை, எங்கள் முகாமில் அதை யாராவது சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.

ஏனென்றால் அம்மா 1987ஐப் பார்த்தவர். முதல் இரண்டு மாதம் சிப்பாய்களுக்கு ஊரே மாலை போட்டதாம், வீட்டு வாசலில் நின்று தேத்தண்ணி கேட்டால் கொடுப்பார்களாம். அக்டோபர் 21, தீபாவளி அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் அதே படை நுழைந்து சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று அறுபதுக்கும் மேலே போய்விட்டார்கள். அம்மா அப்போது இரண்டு தெரு தள்ளி இருந்தவர். இன்றைக்கும் தீபாவளிக்குக் காலையில் வெடிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில்தான் உட்காருவார், பண்டிகை வேலையெல்லாம் நாங்கள்தான்.

இன்னொன்று, தலையிடாமல் என்னதான் செய்வது என்று கேட்பார்கள். கதவைத் திறந்து வை. வந்தவனுக்குக் காகிதம் கொடு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், மூன்று நாட்டு ஆட்கள் பேர் இருந்தது, இலங்கைத் தமிழர் இல்லை. ஆயிரக்கணக்கில் படையைக் கடல் தாண்டி அனுப்ப ஒரு மாதம்கூட ஆகவில்லை. இங்கே பிறந்த எனக்கு இன்னும் "முகாம் வாசி" என்றுதான் அட்டை. ஞாயிற்றுக்கிழமை இதையும் பேசு தம்பி.

அத்தோ_கடை:

அக்கா சொன்னதோடு எங்கள் கதையும் சேரும். தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1962ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964ல் கடையை எல்லாம் அரசுடைமை ஆக்கினார், மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார். கையில் நகைகூட சரியாகக் கொண்டுவர விடவில்லை. லட்சத்துக்கும் மேலே இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். இந்தியா படை அனுப்பவில்லை, கப்பல் அனுப்பியது. வந்தவர்களுக்கு வியாசர்பாடியில் இடம், பாரிமுனையில் பர்மா பஜார்.

தலையிடாத கொள்கையால் சொத்து போனது யாருக்கு, எங்களுக்கு. தாத்தா சாகும்வரை நேருவையும் சாஸ்திரியையும் திட்டிக்கொண்டே இருந்தார், அதை நான் மறைக்க மாட்டேன், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று ரங்கூன் மேல் படையெடுத்திருந்தால் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று கேட்டால் அவரும் பதில் சொல்ல மாட்டார், பேச்சை மாற்றி மொய்ங்காவில் (பர்மா நூடுல்ஸ் சூப்) வாழைத்தண்டு பத்தவில்லை என்பார். செலவில்லாத கொள்கை எதுவும் இல்லை. செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

ஹார்பர்_கேட்:

நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருப்பவன், அரசியல் பெரிசாகத் தெரியாது, ஆனால் 2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பலை அடிக்க ஆரம்பித்ததும் என் மேஜைக்கு வந்த இன்வாய்ஸ் தெரியும். ஐரோப்பா போகிற கப்பல் எல்லாம் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது, ஒரு பயணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதல். கட்டணத்துக்குக் கீழே வார் ரிஸ்க் சர்சார்ஜ் என்று தனியாக ஒரு வரி. பெரியமேட்டு தோல் பார்ட்டி ஒருவர் அந்த வரியை விரலால் தொட்டு "இது எந்த ஊர்ச் சண்டை, நான் ஏன் கட்டணும்" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். அமெரிக்காவும் பிரிட்டனும் 2024 ஜனவரியில் ஏமன் மேல் குண்டு போட ஆரம்பித்தார்கள். கப்பல் அடிபடுவது நின்றதா? இல்லை. அமெரிக்கா அமைத்த அந்தக் கூட்டணியில் இந்தியா சேரவில்லை. ஆனால் நம் கடற்படை அரபிக்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் பத்துக்கும் மேற்பட்ட கப்பல்களை நிறுத்தியது. மார்லின் லுவாண்டா கப்பல் தீப்பிடித்தபோது அணைக்கப் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு, கடற்கொள்ளையர் பிடித்த ரூவன் கப்பலிலிருந்து 17 மாலுமிகளை மார்ச்சில் உயிரோடு மீட்டார்கள். யார் ஊரிலும் குண்டு போடவில்லை. 2025 மே மாதம் ஓமன் நடுவில் உட்கார்ந்து பேசித்தான் அமெரிக்காவும் ஹூதிகளும் ஒருவரை ஒருவர் அடிப்பதை நிறுத்தினார்கள். முதல் மாதமே அந்த ஓமன்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே என்பது என் மாதிரி ஆபீஸ் ஆளுக்கே தோன்றுகிறது.

மின்ட்_மணிக்கூண்டு:

ஓமன்காரர் கூப்பிட்டதும் ஹூதி வந்து உட்கார்ந்திருப்பானா? அடி வாங்கினதால்தான் உட்கார்ந்தான் என்று நான் சொல்வேன், நீங்கள் இல்லை என்பீர்கள், இதை நிரூபிக்க வழியில்லை. கடற்படை உதாரணம் நன்றாக இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அதைத் தலையிடாமை என்று கூப்பிடுவதுதான் எனக்கு உதைக்கிறது. 1988ல் மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்களை நம் பாராசூட் படை போய் விரட்டியது, அதிபர் கயூமே அழைத்தார். அதுவும் உங்கள் கணக்கில் சரிதானா?

தண்டையார்பேட்டை_தம்பி:

அழைத்தவர் கயூம், அவர் முப்பது வருடம் நாற்காலியை விடவில்லை, அதனால் மாலத்தீவை நான் தொடப் போவதில்லை, எதிர்க்கட்சி எடுத்தால் பார்த்துக்கொள்கிறேன். புழல் அக்கா, உங்கள் ரேடார் விஷயத்தையும் ஜெனீவா ஓட்டையும்தான் முதலில் வைக்கப் போகிறேன், நன்றி. 2003ல் அமெரிக்கா ஈராக்குக்கு நம் படையைக் கேட்டு, ஐ.நா. ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று ஜூலை 14ல் வாஜ்பாய் அரசு மறுத்ததையும் எடுத்துவைத்திருக்கிறேன், எங்கள் தெருவில் அந்தக் கட்சிக்காரர்களும் வருவார்கள், கை தட்டத்தான் வேண்டும். ஒன்று மட்டும் குறைகிறது. படை அனுப்பாமல், ஆனால் கையைக் கட்டிக்கொண்டும் நிற்காமல், இந்தியா ஏதாவது பெரிய போரில் நடந்துகொண்டதற்குப் பழைய உதாரணம் இருக்கிறதா?

கல்மண்டபம்:

கொரியா, 1950. வடகொரியா செய்தது தப்பு என்று ஐ.நா.வில் இந்தியா ஓட்டுப் போட்டது, சண்டை போட ஆள் கேட்டபோது மாட்டேன் என்று மருத்துவப் படை ஒன்றை அனுப்பியது. 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ், தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம் தமிழர். அந்த டிசம்பரில் சீனப் படை இறங்கி வந்ததும் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் ஓடினார்கள், சாமானைப் போட்டுவிட்டு வா என்று உத்தரவு. மருந்தையும் ஆபரேஷன் கருவியையும் விட்டுவிட்டுப் போய் அங்கே என்ன செய்வது என்று இவர்கள் ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாங்களே கரி போட்டு ஓட்டி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தார்கள். மின்ட் தம்பி உடனே பிடிப்பார், அவர்கள் ஐ.நா. பக்கத்துப் படையோடுதானே இருந்தார்கள் என்று. ஆமாம், இருந்தார்கள், பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள்.

அதே சமயம் பீகிங்கில் நம் தூதர் பணிக்கர். அமெரிக்கப் படை வட, தென் கொரியாவைப் பிரித்த 38வது இணைகோட்டைத் தாண்டினால் சீனா இறங்கும் என்று சீனப் பிரதமர் சூ என்லாய் அக்டோபர் ஆரம்பத்தில் அவரை நள்ளிரவில் கூப்பிட்டுச் சொன்னார், அது டெல்லி வழியாக வாஷிங்டனுக்குப் போனது. அவர்கள் நம்பவில்லை, தாண்டினார்கள், சீனா இறங்கியது, 1953 ஜூலை வரை சண்டை இழுத்தது. நின்ற இடம் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய அதே கோடு. அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பிப் போக மறுத்த கைதிகளை என்ன செய்வது என்று தகராறு வந்தபோது, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட நடுவர் யார் தெரியுமா, நம் ஜெனரல் திம்மையா. அதில் கொஞ்சம் கைதிகளைச் சேர்த்துக்கொள்ள எந்த நாடும் முன்வராமல், அவர்கள் கடைசியில் கப்பலேறி இந்தியாவுக்கே வந்தார்கள்.